பாதிரியார் காரின் கேம் ஷாஃப்ட்

கமாலுதீன் என் தங்கை சாபிராவின் புருஷன். அவனைப் பற்றி நான் நடுநிலையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். ராயபுரம் கல்மண்டபத்தில் பழைய கப்பல் சாமான் கடை வைத்திருக்கிறவன் நான், பெயர் மஜீது. நங்கூரச் சங்கிலி, பித்தளை விளக்கு, வட்ட ஜன்னல், உடைந்த இன்ஜின் என்று எது கேட்டாலும் என்னிடம் இருக்கும். நடுநிலை மட்டும் இருக்காது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நாலில் கமாலுதீனைப் போல இன்ஜின் தெரிந்தவன் இந்த மதராஸ் பட்டணத்தில் வேறு எவனும் இல்லை. இல்லை என்று எவனாவது சொன்னால் கடைக்கு வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

ஆள் பார்வைக்கு ஒன்றுமில்லை. ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் கூட, அவ்வளவுதான். பேச்சும் கிடையாது. கல்யாணமான புதிதில் என் அம்மா, "மாப்பிள்ளைக்கு வாய் வராதாடா?" என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். யுத்தத்தின்போது வெள்ளைக்காரனின் விமானப் பட்டறையில் மூன்று வருஷம் இன்ஜின் பிரித்துக் கழுவினான். யுத்தம் முடிந்ததும் மவுண்ட் ரோட்டில் ஒரு பெரிய மோட்டார் கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்து ஏழு வருஷம் ஓட்டினான்.

அங்கே ஃபோர்மன் ரொசாரியோ. அவரும் எங்கள் ராயபுரத்துக்காரர்தான், சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர். ஞாயிற்றுக்கிழமை தொப்பியும் டையுமாக மாதா கோயிலுக்குப் போவார். வேலை தெரிந்த மனுஷன், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் தனக்குக் கீழே இருக்கிறவனுக்கும் வேலை தெரியும் என்பதை மட்டும் அவரால் ஏற்றுக்கொள்ளவே முடியாது. ஒரு நாள் ஏதோ ஒரு லாரி இன்ஜினைப் பற்றிக் கமாலுதீன் மாற்றிச் சொன்னதற்கு, பத்துப் பேர் முன்னால் இப்படிச் சொல்லிவிட்டார்.

"உன் கைக்குத்தான் கம்பெனி சம்பளம் குடுக்குது மேன். தலையை வூட்லே வெச்சுட்டு வா."

கமாலுதீன் கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்பானர்களை எண்ணி ஸ்டோரில் ஒப்படைத்துவிட்டு, மவுண்ட் ரோட்டிலிருந்து ராயபுரம் வரை நடந்தே வந்தான். அன்றைக்குச் சாயந்திரம் அவன் முகத்தைப் பார்த்து நான் ரொசாரியோவின் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன். சாபிராதான் என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

அதற்குப் பிறகு தண்டையார்பேட்டையில் வெள்ளத்துரை முதலாளியின் எண்ணெய் மண்டிக்குப் பின்னால் காலியாகக் கிடந்த தகரக் கொட்டகையில் சொந்தமாக ஒர்க்ஷாப் போட்டான். மண்டி லாரிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கொட்டகையைப் புழங்கிக்கொள்ளலாம், இதுதான் பேச்சு. இரண்டு வருஷத்தில் தண்டையார்பேட்டை லாரிக்காரர்கள், துறைமுகத்து லாஞ்சுக்காரர்கள் எல்லாரும் அவனைத் தேடி வர ஆரம்பித்தார்கள். அவன் தலையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வெள்ளத்துரை முதலாளி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், விளக்கெண்ணெய் மொத்த வியாபாரம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பீப்பாயை உருட்டுகிற மனுஷன், நாற்பத்தைந்து வயதில் திடீரென்று ஒரு வேலை செய்தார். ஊருக்குத் திரும்பிப் போன கப்பல் கம்பெனி வெள்ளைக்காரன் ஒருவனிடமிருந்து சிவப்பு நிறத்தில் இரண்டு சீட்டு எம்.ஜி. கார் ஒன்றை வாங்கிவிட்டார். சாதாரண கார் அல்ல. இன்ஜினுக்குப் பக்கத்தில் புளோவர் வைத்தது. இன்ஜின் தானாக மூச்சு இழுக்கிற வரைக்கும் காத்திருக்காமல், காற்றையும் பெட்ரோலையும் அமுக்கி உள்ளே தள்ளுகிற யந்திரம் அது. மிதித்தால் வண்டி பறக்கும். மண்டி வாசலில் அதை நிறுத்தினால் தண்டையார்பேட்டையில் பாதிப் பேர் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள்.

விற்றுவிட்டுப் போன வெள்ளைக்காரன் சும்மா போகவில்லை. பந்தயக் காருக்கெல்லாம் இங்கிலாந்தில் விளக்கெண்ணெய்தான் ஊற்றுவார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது ஒருவகையில் உண்மைதான். அங்கே அதைச் சுத்தம் பண்ணி, மருந்து சேர்த்து, டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். ஆனால் விளக்கெண்ணெய் மண்டி முதலாளியிடம் போய் இதைச் சொன்னால் என்ன நடக்கும்? கமாலுதீன் லாரி வேலையாக ஆந்திராப் பக்கம் போயிருந்த சமயம், முதலாளி தன் மண்டியிலேயே முதல் தரமான செக்கு விளக்கெண்ணெயாகப் பார்த்து, இன்ஜினில் இருந்த பழைய எண்ணெயின் மேலேயே கழுத்து மட்டும் ஊற்றிவிட்டார்.

இரண்டு மாதம் அந்தக் கார் போன தெருவெல்லாம் பேதிக்குக் கொடுத்த வீடு மாதிரி மணத்தது. மூன்றாம் மாதம் இன்ஜினிலிருந்து டொக்கு டொக்கென்று சத்தம் வந்தது. கமாலுதீன் பிரித்துப் பார்த்தான். உள்ளே எண்ணெய் பிசினாக இறுகி, எண்ணெய் போகிற துவாரத்தையெல்லாம் அடைத்திருந்தது. எண்ணெய் கிடைக்காமல் கேம் ஷாஃப்ட் தேய்ந்து போயிருந்தது.

கேம் ஷாஃப்ட் என்பது இன்ஜினுக்குள் சுற்றுகிற ஒரு தண்டு. அதில் முட்டை வடிவத்தில் மேடுகள் இருக்கும். அந்த மேடுதான் வால்வைத் தள்ளித் திறக்கிறது. காற்று உள்ளே வர ஒரு வாசல், புகை வெளியே போக ஒரு வாசல். எது எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் எல்லாம் அந்த மேட்டின் கணக்கு. இங்கே அந்த மேடுகள் பாதி காணாமல் போயிருந்தன.

"என்னவே பாய் இது? என் மண்டியில இதைவிட நல்ல எண்ணெய் கிடையாது தெரியுமா?" என்றார் முதலாளி.

"எண்ணெய் நல்ல எண்ணெய்தான் மொதலாளி. வவுத்துக்கு," என்றான் கமாலுதீன்.

அவனுக்கும் கிண்டல் வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

முதலாளிக்கு அவசரம். சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் தைக்கு அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்களை ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று மோட்டார் பைத்தியங்கள் சிலர் நாள் குறித்திருந்தார்கள். மாதவரத்துத் தோல் கம்பெனி முதலாளியின் மகனும் வருகிறான். அவனிடமும் இதே மாதிரி எம்.ஜி., இதே மாதிரி புளோவர், நிறம் மட்டும் பச்சை. இரண்டு கார்களும் ஒரே கப்பல் கம்பெனி வெள்ளைக்காரர்கள் இரண்டு பேரிடமிருந்து வந்தவை. அவனிடம் தோற்பதைவிட மண்டியை மூடிவிடலாம் என்று வெள்ளத்துரை நினைத்தார்.

கமாலுதீனிடம் சொல்லாமலே அவர் மவுண்ட் ரோட்டுக்குப் போய் ரொசாரியோவைப் பார்த்தார். ரொசாரியோ லண்டனிலிருந்து ஒரு பந்தய கேம் ஷாஃப்டை வரவழைத்தார். அது கப்பலில் வந்து இறங்கியதும் அவரே மண்டிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, பிறந்த குழந்தை மாதிரி பளபளவென்று இருந்தது. மேடு ஒவ்வொன்றும் கொழுத்துத் திரண்டிருந்தது. எனக்கே கையில் எடுத்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

மறுநாள் காலை கமாலுதீன் என் கடைக்கு வந்தான்.

"மச்சான், கப்பல் காம்பஸ் அட்டை ஒண்ணு குடு."

"எந்த ஊருக்குக் கப்பல் வுடப் போறே?" என்றேன்.

"அதுலே முந்நூத்தி அறுவது கோடு வெள்ளைக்காரன் சுத்தமாப் போட்டு வெச்சிக்கிறான். நான் போட்டா கோணலாப் பூடும்."

உடைந்த காம்பஸ் ஒன்றிலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என்னதான் செய்கிறான் பார்ப்போம் என்று நானும் பின்னாலேயே போனேன். இன்ஜின் தண்டின் நுனியில் அந்த அட்டையை வைத்து முடுக்கினான். முள்ளுக்குச் சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து நிறுத்தினான். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கம்பி நேராக வடக்கைக் காட்டுகிற மாதிரி வைத்தான். பிறகு லண்டன் கேம் ஷாஃப்டை மாட்டி, இன்ஜினைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, எந்த வாசல் எந்தக் கோட்டில் திறக்கிறது, எந்தக் கோட்டில் மூடுகிறது என்று சாக்பீஸால் தகரச் சுவரில் எழுதினான். மத்தியானம் வரைக்கும் இதே வேலை. சாபிரா கொண்டுவந்த சோறு ஆறிப் போனது. நான் சாப்பிட்டேன்.

கடைசியில் சொன்னான். "ரெண்டு வாசலும் ஒண்ணாத் தெறந்து கீறது அறுவத்தி ரெண்டு கோடு. இது நம்ம வண்டிக்கு ஒதவாது."

சாயந்திரம் முதலாளியும் வந்தார், ரொசாரியோவும் வந்தார். லண்டன் கேம் ஷாஃப்ட் திரும்பவும் காகிதத்தில் சுற்றி மேஜைமேல் இருந்ததைப் பார்த்ததும் ரொசாரியோவின் முகம் மாறியது.

"இன்னா மேன் இது? இன்னும் போடலையா?"

"இது வாணாம் சார்," என்றான் கமாலுதீன்.

"வாணாமா? ரேஸ்லே ஜெயிச்ச வண்டிங்க எல்லாத்துலேயும் இந்த மாதிரிதான் போட்டுக்கீறான், தெரியுமா?"

"அந்த வண்டிலே புளோவர் இல்லே சார். அது தானா மூச்சு இழுக்கிற வண்டி. வெளியே போற புகை உள்ளே வர்ற காத்தையும் சேத்து இழுக்கும். அதுக்கோசரம் ரெண்டு வாசலையும் கொஞ்ச நேரம் ஒண்ணாத் தெறந்து வெக்கிறான். அங்கே அது சரி. இங்கே புளோவர் காத்தை அமுக்கித் தள்ளிகினு கீது. கல்யாண வூட்லே ஆளை முன்னாலேருந்து பந்திக்குத் தள்ளிவுட்டு, பின்கதவையும் தெறந்து வெச்சா எலையிலே எவன் உக்காருவான்? எல்லாம் அப்படியே வெளியே பூடும்."

ஒரே மூச்சில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. ரொசாரியோவும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன்.

முதலாளிக்குக் கோபம். "லண்டன்காரனுக்குத் தெரியாதது உமக்குத் தெரிஞ்சிட்டாக்கும்? சரிவே, இதைப் போடலைன்னா வேற எதைப் போடப் போறீரு?"

"மச்சான் கடைலே ஒண்ணு கீது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்ன சொல்கிறான் என்று எனக்கே தெரியவில்லை. பிறகுதான் விளங்கியது. கடைக்குப் பின்னால் ஒரு பழைய சலூன் காரின் இன்ஜின் கிடந்தது. அதே கம்பெனி செய்த குடும்பக் கார், இன்ஜினும் அதே அளவு. எண்ணூர்ப் பக்கம் ஒரு பாதிரியார் வைத்திருந்தது. உப்புக் காற்றில் உடம்பெல்லாம் துருப்பிடித்துப் போய் எடைக்கு வந்தது. பாதிரியார் மணிக்கு இருபது மைலுக்கு மேல் அதை ஓட்டியதே இல்லை என்று பெயர். மாட்டு வண்டிக்காரர்கள் அவரை முந்திக்கொண்டு போய், நின்று கும்பிடுவார்களாம்.

"பாதிரியார் காரா?" என்று ரொசாரியோ சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. "ரேஸ் கேமை வுட்டுட்டுச் சாமியார் கேமைப் போடப் போறானாம்."

"அதுலே ரெண்டு வாசலும் ஒண்ணாத் தெறக்கிறது பத்துக் கோடுதான் சார். போன வாரமே மச்சான் கடைலே இல்லாதப்போ நூல் புடிச்சு அளந்துட்டேன். மேடும் தேயலே. இது ரோட்லே ஓட வேண்டிய வண்டி. கூட்டத்துலேயும் போவணும், ரயில் கேட்லே நின்னாலும் அணையக் கூடாது."

முதலாளி கொஞ்ச நேரம் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை பிடிக்கவில்லை.

"சரிவே பாய். உம்ம இஷ்டப்படியே போடும். அந்த லண்டன் சாமானை நான் தோல் கம்பெனிப் பயலுக்கே குடுத்திருதேன், அவனும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கான். ரெண்டும் ஒரே வண்டி, ஒரே புளோவர். எது பெருசுன்னு சோழவரத்துல பாத்துருவோம். தோத்தமுன்னா திங்கக்கிழமை இந்தக் கொட்டகையில நான் பீப்பா அடுக்குவேன். நீரு ரொசாரியோ சார்கிட்டயே போயிரும்."

"வா மேன்," என்றார் ரொசாரியோ. "உன் பழைய எடம் காலியாத்தான் கீது."

"ஜெயிச்சா?" என்று நான் கேட்டேன். யாராவது கேட்க வேண்டுமே.

"ஜெயிச்சா நான் இருக்கிற மட்டும் கொட்டகை அவருக்கு. என் மவன் காலத்துலயும் கேக்க மாட்டான்."

"சரி மொதலாளி," என்றான் கமாலுதீன். அவ்வளவுதான். இதற்கு முன்னால் பேசியதற்கெல்லாம் சேர்த்து வட்டி கட்டுகிற மாதிரி மறுபடியும் வாயை மூடிக்கொண்டான்.

சாபிராவிடம் விஷயத்தைச் சொன்னவன் நான். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"நல்லா ரோசிச்சுத்தான் சொன்னீங்களா?"

"அளந்து பாத்துச் சொன்னேன்."

"அப்போ சரி. ஆனா ஒண்ணு. தோத்தாலும் நீங்க அந்த ஆளுகிட்ட திரும்பிப் போவக் கூடாது. போனீங்கன்னா நான் எங்கண்ணன் வூட்டுக்கு வந்துடுவேன்."

என்னை ஒரு வார்த்தை கேட்காமலே என் வீட்டை நடுவில் இழுத்தாள். என் வீட்டில் ஏற்கெனவே ஒன்பது பேர். அன்றிலிருந்து அந்தக் கார் ஜெயிக்க வேண்டும் என்பதில் என் அக்கறை இரண்டு மடங்காகிவிட்டது.

பிசினெடுக்கவே அவனுக்கு நாலு நாள் ஆனது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துவாரம் துவாரமாகப் பித்தளைக் கம்பி விட்டுக் குடைந்தான். பிறகு பாதிரியாரின் கேம் ஷாஃப்டை மாட்டினான், காம்பஸ் அட்டையை வைத்து மறுபடியும் அளந்தான், சுவரில் லண்டன் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி இரண்டையும் ஒத்துப் பார்த்தான். முறையான இன்ஜின் எண்ணெயைத் தன் கையாலேயே ஊற்றி, மூடிக்குப் பூட்டும் போட்டான். முதலாளி அதைப் பார்த்துவிட்டு மண்டிக்குள் போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. தண்டையார்பேட்டை முழுக்க இதுவே பேச்சு. டீக்கடையில் என்னைப் பார்த்தால், "இன்னா மாமு, ஒங்க மச்சான் வண்டி ரேஸுக்குப் போவுதா, பூசைக்குப் போவுதா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரிடம் சண்டையே போட்டேன். கமாலுதீன் டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தான். ஆனால் அந்த வாரத்தில் ஒரு நாள், கொட்டகையில் யாருமில்லை என்று நினைத்து, சுவரில் எழுதிய எண்களை விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். பயம் அவனுக்கும் இருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, சத்தம் போடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டோம். முதலாளி ஓட்ட, பக்கத்தில் கமாலுதீன். மண்டி லாரியில் நானும் சாபிராவும் பின்னால் போனோம். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி போக பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. மாட்டு வண்டி, ரிக்ஷா, கூடையோடு மீன்காரப் பெண்கள் எல்லாருக்கும் நடுவே அந்தச் சிவப்புக் கார் தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடிக்கொண்டு நின்றது. முதலாளி திரும்பி எங்களைப் பார்த்தார். அந்தக் காரை வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அது கேட்டில் அணையாமல் நின்றதில்லை.

சோழவரத்தில் நல்ல கூட்டம். தொப்பிக்காரர்களும் வேட்டிக்காரர்களுமாக முந்நூறு பேர் இருப்பார்கள். பச்சைக் கார் முன்னாலேயே வந்திருந்தது, கூடவே ரொசாரியோவும்; லண்டன் கேம் ஷாஃப்டை அவரே அதில் மாட்டிக் கொடுத்திருந்தார். சும்மா நிற்கும்போதே தட தடவென்று குலுங்கியது. தோல் கம்பெனிப் பையன் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தான், கால் எடுத்தால் அணைந்துவிடும். பின்னாலிருந்து கறுப்புப் புகை. ஆனால் சத்தம் மட்டும் சிங்கம். கூட்டம் அந்தச் சத்தத்துக்கே கை தட்டியது. எங்கள் வண்டியைச் சுற்றி யாரும் வரவில்லை.

அரை மைல், மூன்று ஓட்டம், இரண்டில் முந்துகிறவனுக்கு ஜெயம். கமாலுதீன் முதலாளியிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். "மொதலாளி, இன்ஜின் சுத்து காட்டுற முள்ளு அஞ்சாயிரத்துக்கு வந்ததும் கியர் மாத்திடுங்க. அதுக்கு மேலே இழுக்காதீங்க. இந்த கேமுக்குப் பலம் நடுவுலேதான் கீது, உச்சிலே இல்லே."

கொடி விழுந்தது. சிவப்புக் கார் வில்லிலிருந்து விட்ட மாதிரி பாய்ந்து நாலு வண்டி நீளம் முன்னால் போனது. என் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் பக்கத்துக் காரின் சத்தம் முதலாளியின் காதில் ஏறிவிட்டது. தானும் அந்த மாதிரி கத்தவைக்க வேண்டும் என்று கியரை மாற்றாமல் மிதித்துக்கொண்டே இருந்தார். வண்டி மூச்சு முட்டி நின்ற இடத்திலேயே நின்ற மாதிரி ஆகிவிட, பச்சைக் கார் கடைசி நூறு கஜத்தில் தாண்டிப் போனது.

ரொசாரியோ கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சாபிரா முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

இரண்டாம் ஓட்டத்தில் முதலாளி சொன்னபடி கேட்டார். ஐந்தாயிரத்தில் மாற்றினார், ஒரு கியரைக் கடகடவென்று நொறுக்கித் தள்ளினாலும் மாற்றினார். ஒரு வண்டி நீளத்தில் ஜெயித்தோம். தலைக்கு ஒன்று.

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியவர், இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார்.

"வே பாய், நீரே ஓட்டும்."

"நானா மொதலாளி?"

"பின்ன யாரு? அதுக்குள்ள என்ன இருக்குன்னு உமக்குத்தானே தெரியும். என்னால ஆகாதுவே. நான் எண்ணெய் ஊத்துனவன்."

ஓட்டுகிறவர் மாறக் கூடாது என்று தோல் கம்பெனிப் பையன் ஏதோ சொல்ல வந்தான். கொடி பிடித்த மனுஷர், அப்படி ஒரு விதி இல்லை என்று சொல்லிவிட்டார். கமாலுதீன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தான். கூட்டத்தில் சில பேர் சிரித்தார்கள். சீட்டில் உட்கார்ந்ததும் அவன் தலை பாதிதான் வெளியே தெரிந்தது.

கொடி விழுந்தது. அவன் முள்ளைப் பார்க்கவில்லை, காதால் கேட்டு மாற்றினான். எங்கே மாற்றினான் என்று வெளியே நின்ற எங்களுக்குத் தெரியவே இல்லை. சத்தம் அறுபடாமல் ஏறிக்கொண்டே போனது. புளோவர் ஊளையிட, கார் பின்பக்கம் தாழ்ந்து, ஓடுதளத்துக் காங்கிரீட்டில் கோடு போட்ட மாதிரி நேராகப் போனது. பச்சைக் கார் பின்னால் படார் படாரென்று வெடித்துக்கொண்டு வந்தது. அதன் புகைக்குழாயிலிருந்து பட்டப்பகலில் ஒரு முழ நீளத்துக்கு நெருப்பு வருவதை முந்நூறு பேரும் பார்த்தார்கள். உள்ளே எரிய வேண்டியதெல்லாம் வெளியே வந்து எரிந்துகொண்டிருந்தது. கமாலுதீன் என்ன சொன்னானோ அதுதான். கடைசி நூறு கஜத்தில் இந்தத் தடவை யாரும் தாண்டவில்லை. எட்டு வண்டி நீளம். எண்ணிப் பார்த்தவன் நான், குறைத்துச் சொல்ல மாட்டேன்.

முதலாளி வேட்டி அவிழ்வதுகூடத் தெரியாமல் ஓடினார். நானும் ஓடினேன். சாபிரா ஓடவில்லை. லாரி சக்கரத்தில் சாய்ந்து நின்று அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகவே செய்தாள். என் தங்கை அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவளுடைய கல்யாணத்தன்றுகூட இல்லை.

முதலாளி கூட்டத்தைப் பார்த்து, யாரும் கேட்காமலே அறிவித்தார். "கொட்டகை பாய்க்குத்தான். எல்லாரும் கேட்டுக்கிடுங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரொசாரியோ வந்தார். தொப்பி கையில் இருந்தது. இன்ஜின் மூடியைத் திறந்து பார்த்தார். கேம் ஷாஃப்ட் உள்ளே இருக்கிற சாமான், மூடியைத் திறந்தால் தெரியாது என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். நான் நறுக்கென்று ஒரு வார்த்தை சொல்ல வாயைத் திறந்தேன். கமாலுதீன் என் கையை அழுத்தினான்.

ரொசாரியோ நிமிர்ந்து மூடியைச் சாத்தினார்.

"கமால், அந்தப் பச்சை வண்டிக்கும் இந்த மாதிரி ஒண்ணு தேடி எடுத்துப் போட முடியுமா? நான் போட்டது தப்புன்னு அந்தப் பையன்கிட்ட நானே சொல்லிடறேன்."

அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும், அதையும் நான் மறுக்க மாட்டேன்.

கமாலுதீன் செருப்பைப் போட்டுக்கொண்டான்.

"முடியும் சார். நாளைக்குக் காலைலே கொட்டகைக்குக் கொண்டாங்க. வண்டியை வுட்டுட்டு, சாவியை என்கிட்ட குடுத்துட்டு நீங்க போயிடணும். நான் சொல்லி அனுப்பிச்சப்புறம் வந்தாப் போதும்."

ரொசாரியோ தலையாட்டினார். திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பச்சைக் காரை அவரே ஓட்டிக்கொண்டு தண்டையார்பேட்டைக்கு வந்தார், கொருக்குப்பேட்டை கேட்டில் இரண்டு தடவை அணைந்துபோனதாம். சாவியைக் கமாலுதீன் கையில் வைத்துவிட்டு, மவுண்ட் ரோட்டுக்கு பஸ் ஏறிப் போனார்.